வீட்டில் கட்டும் கார்: பெல்ட்டை எங்கே மாட்டுவது, மட்கார்டை எப்படி நிறுத்துவது? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: பீன்யாவில் நண்பரின் ஷெட்டில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து லோட்டஸ் செவன் மாதிரி ஒரு திறந்த கார் கட்டிக்கொண்டிருக்கிறோம் சார். சதுரக் குழாய் சேஸிஸ், பழைய காரின் இன்ஜின். ஆன்லைனில் நாலு முனை ஹார்னஸ் (நாலு இடத்தில் மாட்டும் பந்தய சீட் பெல்ட்) இரண்டு செட் வாங்கியாயிற்று. தோள் பட்டைகளை சீட்டுக்குப் பின்னால் தரைத் தகட்டில் போல்ட் போட்டு இறுக்கினால் போதும் என்கிறார் வெல்டர். போதுமா? (வாசகர், ஸ்ரீராமபுரம், பெங்களூரு)

பதில்: போதாது. தயவுசெய்து அப்படிச் செய்துவிடாதீர்கள், இதில் உயிர் இருக்கிறது.

கார் மோதும்போது உடம்பு முன்னால் பாயும், பட்டை பின்னால் பிடித்து இழுக்கும். பட்டை தோளிலிருந்து ஏறக்குறைய நேராகப் பின்னால் போயிருந்தால் அந்த விசையைத் தோளும் நெஞ்சும் வாங்கிக்கொள்ளும். தரைக்கு இறங்கியிருந்தால் அதே பட்டை தோளைக் கீழ்நோக்கி அமுக்கும், அது நேராக முதுகெலும்பில் போய் விழும். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. பந்தய கார்களுக்கு வைத்திருக்கும் விதியில், சீட் முதுகின் மேல்விளிம்பிலிருந்து தோள் பட்டை கிடைமட்டத்துக்குக் கீழே 45 டிகிரியைத் தாண்டக் கூடாது, 10 டிகிரிக்குள் இருப்பதே நல்லது என்று இருக்கிறது. நான் உங்களுக்குச் சொல்வது அந்த 10 டிகிரியைத்தான்.

அதற்கு ரோல் பாரின் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்க சீட்டுக்குப் பின்னால் நிற்கும் வளைவுக் குழாய்) குறுக்கே தோள் மட்டத்தில் ஒரு குழாய் வெல்டிங் செய்யுங்கள். 38 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. சுவர், தையல் இல்லாத குழாய். எந்த உயரம் என்பதை வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். சீட்டைப் பொருத்தி, மூன்று பேரும் மாறி மாறி உட்கார்ந்து, தோளிலிருந்து சீட்டின் மேல்விளிம்பைத் தொட்டுப் பின்னால் ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் போய் நிற்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். மூன்று கோடும் பக்கத்துப் பக்கத்தில் விழுந்தால் கவலையில்லை. உங்களில் ஒருவர் ரொம்ப உயரம் என்றால் அவர் கணக்கில் குழாயை வையுங்கள், ஏனென்றால் பட்டை தோளைவிடத் தாழ்ந்து போவதுதான் ஆபத்து.

ரோல் பாரே இன்னும் போடவில்லை என்றால் ஹார்னஸ் பேச்சையே நிறுத்திவையுங்கள். திறந்த கார் கவிழ்ந்தால் ஹார்னஸ் ஆளை நிமிர்த்தியே பிடித்து வைத்திருக்கும், அப்போது தரையில் முதலில் படுவது தலைதான். ரோல் பாரின் உச்சியிலிருந்து டேஷ்போர்டுக்கு மேலே இருக்கும் உறுதியான முன் சட்டம் வரை ஒரு நேர்கம்பியை வைத்துப் பாருங்கள். ஹெல்மெட் அந்தக் கோட்டுக்குக் கீழே குறைந்தது 50 மி.மீ. இருக்க வேண்டும்.

அடுத்தது இடுப்புப் பட்டை. அது சீட்டின் பக்கச் சுவர் மேல் ஏறிப் போகக் கூடாது, சீட்டில் இருக்கும் துளை வழியாக வந்து இடுப்பெலும்புக்கும் தொடைக்கும் நடுவே மடிப்பில் உட்கார வேண்டும். வயிற்றில் படவே கூடாது. நாலு முனை ஹார்னஸில் எனக்கு இருக்கும் பெரிய குறை இங்கேதான் வருகிறது. மோதும் நேரத்தில் தோள் பட்டைகள் இரண்டும், பட்டைகள் எல்லாம் வந்து சேரும் பக்கிளை மேலே இழுக்கும், அதோடு இடுப்புப் பட்டையும் வயிற்றுக்கு ஏறும், ஆள் அதற்குக் கீழே வழுக்கிப் போவார். இதைத் தடுக்கத்தான் கால்களுக்கு நடுவே போகும் பட்டைகள். ஆறு முனை செட் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் போய்விட்டதே என்று யோசிக்காமல் இதை மட்டும் மாற்றிவிடுங்கள்.

இனி போல்ட். எம்12 (12 மி.மீ.) போல்ட், தலையில் 8.8 என்ற வலிமைக் குறி பதிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் 7/16 அங்குல யூ.என்.எஃப். (அங்குல அளவில் நுண்மரை) போல்ட். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் ஒன்றின் நட்டு மற்றதில் சேராது, எனவே ஜே.சி. ரோட்டில் வாங்கும்போது போல்ட்டையும் நட்டையும் கடையிலேயே கையால் முழுக்க முறுக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சதுரக் குழாயில் வெறும் துளை போட்டு இறுக்கினால் குழாய் நசுங்கும், ஒவ்வொரு முறை நசுங்கும்போதும் இறுக்கம் போய்விடும். குழாயின் ஊடே ஒரு புஷ்ஷை (தடித்த இரும்புக் குழல்) நுழைத்து இரண்டு பக்கமும் வெல்டிங் வைத்துவிட்டு, அதன் வழியாகத்தான் போல்ட் போக வேண்டும். தகட்டில் மாட்டும் இடங்களில் 3 மி.மீ. இரும்புத் தகடு, 40 சதுர செ.மீ. பரப்பு, அதாவது 8க்கு 5 செ.மீ. துண்டு, அடியில் வைத்து சேஸிஸ் குழாயோடு சேர்த்து வெல்டிங் செய்யுங்கள். அலுமினியத் தரையை மட்டும் நம்பி எதையும் மாட்டாதீர்கள். தோள், இடுப்புப் பட்டைகளின் ஒவ்வொரு முனையும் ஏறக்குறைய 1,500 கிலோ அளவு இழுப்பைத் தாங்க வேண்டும் என்பது அந்த விதியின் கணக்கு. இதை உங்கள் வெல்டரிடம் சொல்லுங்கள், அவரே தரைத் தகட்டை விட்டுவிடுவார்.

பட்டையைக் குழாயில் சுற்றிக் கட்டுவதானால் மூன்று கம்பிக் கொக்கியில் (பட்டையைக் கோத்து நிறுத்தும், மூன்று குறுக்குக் கம்பியுள்ள சட்டம்) ஒரு தடவை கோத்த பட்டை வால் திரும்பவும் உள்ளே போய் வர வேண்டும். ஒரே தடவை கோத்தது கையால் இழுத்தால் நிற்கும், மோதலில் உருவிக்கொண்டு வந்துவிடும்.

கேள்வி: பந்தயத்துக்குப் போன பழைய ஹார்னஸ் சிவாஜிநகரில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (வாசகி, அல்சூர்)

பதில்: வேண்டாம் அம்மா. ஒரு மோதலில் இழுபட்ட பட்டை பார்க்கப் புதிதாகவே இருக்கும், ஆனால் அதன் இழைகள் நீண்டு போயிருக்கும். வெயிலில் கிடந்த பாலியஸ்டரும் பலம் குறைந்துவிடும். எஃப்.ஐ.ஏ. லேபிளில் காலாவதி ஆண்டு எழுதியே இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். கிழிசலை சீட் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்ளும் யோசனையும் வேண்டாம்.

கேள்வி: எங்கள் காரில் முன் மட்கார்டு சக்கரத்தோடு சேர்ந்தே திரும்பும் வகை. ஃபைபர். ஷெட்டை விட்டு வெளியே எடுத்த கொஞ்ச நாளிலேயே போல்ட் துளைகளைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி விரிசல். மட்கார்டைத் தாங்கும் இரும்புக் கையான ஸ்டேயும் வெல்டிங் ஓரத்தில் வெடித்துவிட்டது. (வாசகர், மர்ஃபி டவுன்)

பதில்: முன் மட்கார்டு சக்கரத்தைத் தாங்கும் ஹப் கேரியரிலேயே உட்கார்ந்திருப்பதால் அதற்கும் சாலைக்கும் நடுவே ஸ்பிரிங் கிடையாது. ஒவ்வொரு ஹம்ப்பும் நேராக அதில் அடிக்கிறது. நீங்கள் போல்ட்டை இறுக்க இறுக்க விரிசல் அதிகமாகும். துளையை போல்ட்டைவிட 2, 3 மி.மீ. பெரிதாக்கி, மேலும் கீழும் ரப்பர் வாஷர், அதன் மேல் அகலமான இரும்பு வாஷர், நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் தானாகத் தளராது). ரப்பர் லேசாகப் பிதுங்கும்போது நிறுத்துங்கள். புதிதாகத் துளை போடும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, டிரில்லை முதலில் எதிர்ப்பக்கமாகச் சுற்றவிட்டு மேல் பூச்சைக் கடந்த பிறகு நேராக ஓட்டினால் பூச்சு பெயராது. ஸ்டேயின் அடியில் முக்கோணத் தகடு ஒன்றைச் சேர்த்து வெல்டிங் செய்தால் அந்த ஓரத்தில் வெடிப்பது நிற்கும்.

பொருத்தும்போது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே 25 மி.மீ. தடிமன் தெர்மாகோல் துண்டுகளை ஒட்டி மட்கார்டை அதன் மேல் உட்காரவைத்துவிட்டு ஸ்டேயை அளந்து வெட்டுங்கள், இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றாக வரும். அப்புறம் ஸ்டியரிங்கை இரண்டு கோடிக்கும் திருப்பி, மட்கார்டு பாடியில் இடிக்கிறதா, பிரேக் ஹோஸ் உரசுகிறதா என்று பாருங்கள். பின் மட்கார்டு வேறு கதை. அது பாடியோடு நிற்கும், சக்கரம்தான் மேலே ஏறி வரும். பின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஜாக்கியால் சக்கரத்தை முழுக்க மேலே தூக்கிப் பார்க்காமல் அதில் துளை போடாதீர்கள்.

கேள்வி: எல்லாம் முடிந்ததும் நந்தி மலைக்கு ஓட்டிப் போகலாமா? (அதே வாசகர்)

பதில்: முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 39ன்படி பதிவில்லாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது. பழைய காரின் ஆர்.சி. புத்தகத்தை வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் பிரிவு 52 அதற்கும் தடை. பிரிட்டனில் வீட்டில் கட்டிய ஒற்றைக் காரை ஐ.வி.ஏ. என்ற தனி வண்டி ஒப்புதல் சோதனைக்குக் கொண்டுபோய்ப் பதிவு வாங்கிவிடுகிறார்கள், நமக்கும் அப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இப்போதைக்கு வண்டியை டிரக்கில் ஏற்றி, அனுமதி வாங்கிக்கொண்டு கோவை கரி பந்தய டிராக்குக்கோ சென்னை பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக்குக்கோ கொண்டு போங்கள். போகும் முன் அவர்களின் பாதுகாப்பு விதிகளைக் கேட்டு வாங்கி, அதைப் பார்த்தே ஹார்னஸை வாங்குங்கள்.