‘சும்மா வந்து இருந்துவிட்டுப் போங்கள்’: ஆங்கிலக் கிராமத்து வீட்டில் இரண்டு நாள் விருந்தாளி

கேள்வி: நான் மதுரைக்காரி. இங்கிலாந்தில் ரெடிங் நகர மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருக்கிறேன். வந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. என்னுடன் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆங்கிலேயத் தோழி, கணவருடன் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் சிப்பிங் கேம்டன் அருகே ஒரு கிராமத்துக்குக் குடிபோய்விட்டார். மே மாதத்தில் ஒரு வெள்ளி மாலை வந்து, ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டுப் போகும்படி என்னையும் கணவரையும் ஆறு வயது மகளையும் அழைத்திருக்கிறார். “ஒரு திட்டமும் இல்லை, சும்மா வந்து இருந்துவிட்டுப் போங்கள்” என்கிறார். நாங்கள் சைவம். அவர்கள் வீட்டில் நாய் இருக்கிறது. என்ன கொண்டுபோவது, எப்படி நடந்துகொள்வது, இரண்டு நாளும் என்னதான் செய்வது?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது சாதாரண அழைப்பு அல்ல. ஆங்கிலேயர்கள் உணவகத்துக்கு எளிதில் அழைப்பார்கள். வீட்டில் இரண்டு இரவு தங்கச் சொல்வது நெருங்கியவர்களைத்தான். ‘திட்டமில்லை’ என்றால் உங்களுக்காக எதுவும் ஏற்பாடு செய்யவில்லை என்று பொருளல்ல. தங்கள் அன்றாடத்துக்குள் உங்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று பொருள். நாயை நடத்திக் கூட்டிப்போவது, தோட்டத்தில் களை எடுப்பது, செய்தித்தாளைப் பிரித்துப் பங்கு போட்டுப் படிப்பது, நடுவில் நாலு முறை தேநீர்: இதுதான் அந்த வார இறுதி. நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்நாட்டில் வசிக்கிறேன். புதிதாக வரும் நம் குடும்பங்களுக்கு வழிகாட்டுவது என் வேலையின் ஒரு பகுதி. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: போவதற்கு முன்பே சொல்ல வேண்டியதைத் தெளிவாகச் சொல்லிவிட்டால், போன பிறகு கவலைப்பட அநேகமாக எதுவும் இருக்காது.

சொல்ல வேண்டியது இரண்டு: சாப்பாடு, நாய். இரண்டையும் ஒரே செய்தியில், ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். ‘நாங்கள் சைவம்’ என்ற ஒற்றைச் சொல் போதாது. இங்கே சைவர்கள் பெரும்பாலும் முட்டை சாப்பிடுவார்கள். அதனால் முட்டை உங்களுக்கு ஆகுமா, ஆகாதா, கேக்கில் கலந்திருந்தால் பரவாயில்லையா என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். ஞாயிறு மதியம் பெரும்பாலும் ‘சண்டே ரோஸ்ட்’ இருக்கும். அடுப்பில் வாட்டிய இறைச்சி, உருளைக்கிழங்கு, காய்கறி, யார்க்‌ஷயர் புட்டிங் (இனிப்பல்ல, மாவைக் கரைத்து அடுப்பில் உப்பவைக்கும் பண்டம்), மேலே ஊற்றிக்கொள்ள கிரேவி. தட்டில் இருக்கும் இறைச்சித் துண்டை ஒதுக்கிவிடலாம், மறைந்திருப்பவைதான் சிக்கல். கிரேவி பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் செய்வது. உருளைக்கிழங்கை வாத்துக் கொழுப்பிலோ மாட்டுக் கொழுப்பிலோ வாட்டுவது பல வீடுகளில் பெருமையான கைப்பக்குவம். யார்க்‌ஷயர் புட்டிங்கில் முட்டை உண்டு. அதன் அச்சிலும் அதே கொழுப்பை ஊற்றியிருக்கலாம். ஆகவே இப்படி எழுதுங்கள்: “எங்கள் மூவருக்கும் இறைச்சி, கோழி, மீன் ஆகாது, இறைச்சிச் சாறும் கொழுப்பும்கூட வேண்டாம். பால், வெண்ணெய் சாப்பிடுவோம். முட்டை ஆகும் (அல்லது ஆகாது). மகளுக்கு நாய் பழக்கமில்லை, கொஞ்சம் பயப்படுவாள்.” இதை அவர்கள் தொந்தரவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சொல்லாமல் போய், தட்டின் முன் உட்கார்ந்து தயங்கினால்தான் அவர்களுக்கு வருத்தம்.

அடுத்து உபசாரம். நம்மவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். நம் வீடுகளில் ‘போதும்’ என்பது பேச்சின் தொடக்கம். அவர்கள் இன்னும் இரண்டு முறை வற்புறுத்துவார்கள், நாம் இன்னும் இரண்டு முறை மறுப்போம், பிறகு தோசை தட்டில் விழும். இங்கே கேள்வி ஒரு முறைதான். முதன்முதலாக இப்படி ஒரு வீட்டில் தங்கியபோது, உருளைக்கிழங்குப் பாத்திரத்தை என் பக்கம் நீட்டி “இன்னும் கொஞ்சம்?” என்றார்கள். இரண்டாம் முறை கேட்பார்கள் என்ற நினைப்பில் “வேண்டாம்” என்றேன். பாத்திரம் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது. அன்றிரவு பசியோடுதான் படுத்தேன். அவர்கள் மீது ஒரு குறையும் இல்லை. விருந்தாளியின் சொல்லை அப்படியே ஏற்பதுதான் அவர்கள் பார்வையில் மரியாதை. எனவே வேண்டுமென்றால் “வேண்டும், நன்றி” என்று உடனே சொல்லுங்கள். ‘சமையலறையில் வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றாலும் உண்மையாகவே சொல்கிறார்கள். காலையில் எழுந்து நீங்களே தேநீர் போட்டுக் குடிக்கலாம். மறுபுறம், அவர்கள் விருப்பத்தை மென்மையாகத்தான் சொல்வார்கள். “தோன்றினால் மதியம் கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம்” என்றால், நடக்கப் போக அவர்களுக்கு மிகவும் ஆசை என்று புரிந்துகொள்ளுங்கள்.

கைநிறையப் பரிசு வேண்டாம். பட்டும் வெள்ளியும் அவர்களைத் திக்குமுக்காட வைக்கும். ஒரு டப்பா முறுக்கு, நல்ல தேயிலை, ஒரு பூங்கொத்து போதும். நீங்கள் சமைத்துப் போடுவது அருமையான யோசனைதான். ஆனால் திடீரென்று டப்பாக்களோடு போய் இறங்காதீர்கள். அவர்கள் இரண்டு நாள் உணவையும் ஏற்கெனவே யோசித்து வாங்கி வைத்திருப்பார்கள். “சனிக்கிழமை இரவு நான் சமைக்கட்டுமா?” என்று முன்கூட்டியே கேளுங்கள். சரி என்றால் கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம், பருப்பு எல்லாம் நீங்களே கொண்டுபோங்கள். தாளிக்கும் முன் ஜன்னலைத் திறந்துவிடுங்கள்; மிளகாய் வற்றல் கருகும் புகைக்கு இங்குள்ள புகை எச்சரிக்கைக் கருவி உடனே அலறும்.

பயணம். லண்டன் பேடிங்டனிலிருந்து புறப்படும் காட்ஸ்வோல்ட் பாதை ரயில் உங்கள் ரெடிங் வழியாகவே, ஆக்ஸ்ஃபோர்டைத் தாண்டி, நீங்கள் இறங்க வேண்டிய மோர்டன்-இன்-மார்ஷ் ஸ்டேஷனுக்குப் போகிறது. ரெடிங்கிலிருந்து ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். மகள் கூட வருவதால் ‘ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ ரயில் சலுகை அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கும், 5 முதல் 15 வயதுக் குழந்தைகளுக்கு 60 சதவீதமும் குறையும். மலிவான ‘அட்வான்ஸ்’ டிக்கெட் அதில் குறித்த ரயிலுக்கு மட்டுமே செல்லும். பணி முடிந்து ஓடிவருவதாக இருந்தால் அதை நம்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளப் பராமரிப்புக்காக ரயிலுக்குப் பதில் பஸ் விடுவது வழக்கம். மே மாதத்தின் முதல் திங்களும் கடைசித் திங்களும் பொது விடுமுறை என்பதால் அந்த வார இறுதிகளில் கூடுதலாகக் கவனியுங்கள். கிராமத்து ஸ்டேஷனில் டாக்சி காத்திருக்காது. தோழி அழைத்துப்போக வருவார் என்றால் ரயில் வந்துசேரும் நேரத்தை எழுதி அனுப்புங்கள். கிராமத்தில் செல்பேசி சிக்னல் கிடைக்காமலே போகலாம்.

உடை விஷயத்தில் அழகைவிடச் சேறு முக்கியம். பழைய கல்வீடுகள் மே மாத இரவிலும் குளிரும். தடித்த காலுறையும் ஸ்வெட்டரும் வேண்டும். மழைக் கோட்டு அவசியம். ரப்பர் பூட்ஸ், இங்கே ‘வெல்லி’ என்பார்கள், உங்களிடம் இல்லையென்றால் மூவரின் கால் அளவையும் தோழியிடம் சொல்லுங்கள். பல வீடுகளில் பின்கதவு ஓரம் விருந்தாளிகளுக்கென்றே நாலைந்து ஜோடி நிற்கும்.

குளியலறை பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கூச்சத்தால் யாரும் கேட்காமல் விடுவது இதுதான். தரையில் நீர் வடிய வழி இருக்காது. மரத்தரையோ கம்பளமோ இருக்கும். வாளி, சொம்பு கிடையாது. ஒரு சிறிய பாட்டிலைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தரை மட்டும் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விளக்குக்கும், சில வீடுகளில் ஷவருக்கும், கூரையிலிருந்து ஒரு கயிறு தொங்கும். அதை இழுத்தால்தான் வேலை செய்யும். வெந்நீர் ஒரு தொட்டியளவே இருக்கும் வீடுகள் உண்டு. “நாங்கள் எப்போது குளித்தால் உங்களுக்கு வசதி?” என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். மூன்று பேரும் அடுத்தடுத்துத் தலைக்குக் குளித்தால் வீட்டுக்காரருக்குப் பச்சைத் தண்ணீர்தான் மிஞ்சும்.

இனி நடை. அந்த வார இறுதியின் உயிரே அதுதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இங்கே தனியார் வயலுக்கு நடுவே பொதுமக்கள் நடக்கும் பாதைகள் உண்டு. 1949-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இவற்றையெல்லாம் வரைபடத்தில் பதிவு செய்யும்படி உள்ளூராட்சிகளுக்குக் கட்டளையிட்டது. கம்பத்தில் மஞ்சள் அம்பு இருந்தால் அது நடப்பவர்களுக்கான பாதை. நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும்கூட வரும். கோதுமைக்கு நடுவே பாதை போனாலும் தயங்க வேண்டாம். வரப்பில் நடப்பதுபோல ஒருவர் பின் ஒருவராகப் போனால் போதும். வேலிக் கதவு எப்படி இருந்ததோ அப்படியே விட வேண்டும்: மூடியிருந்தால் மூடுங்கள், திறந்திருந்தால் திறந்தே விடுங்கள். கொக்கி விழுந்ததா என்று ஒரு முறை ஆட்டிப் பாருங்கள். இந்தப் பொறுப்பை மகளிடம் கொடுங்கள். கடைசியாகக் கதவைத் தாண்டுபவள் அவள்தான் என்று சொல்லிவிட்டால் நடை முழுவதும் கால் வலிக்கிறது என்ற பேச்சே வராது.

மே மாதத்தில் பசுக்கள் கன்றுகளோடு மேயும். மாடு நமக்குப் பழகியதுதானே என்று அருகில் போய்விடாதீர்கள். இவை தெருவில் மனிதரோடு உரசி வளர்ந்தவை அல்ல. பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே போகாமல், சுற்றி விலகி நடங்கள். நாயைக் கண்டால் அவை இன்னும் மிரளும். நாயோடு போகும்போது மாடு துரத்தினால் வாரை விட்டுவிட வேண்டும்; நாய் தப்பித்துக்கொள்ளும், நீங்களும் தப்பிக்கலாம்.

பாதையோரம் முழங்கால் உயரத்தில், விளிம்பு ரம்பம் போன்ற இலைகளோடு ‘நெட்டில்’ என்ற செடி அடர்ந்து நிற்கும். நம் ஊர்க் காஞ்சொறியைப் போலவே பட்டால் சுள்ளென்று எரியும், தடித்துப் போகும். பக்கத்திலேயே ‘டாக்’ என்ற அகன்ற இலைச் செடியும் பெரும்பாலும் முளைத்திருக்கும். அதைப் பறித்துக் கசக்கிச் சாற்றைத் தேய்ப்பது இந்நாட்டுக் குழந்தைகள் எல்லாருக்கும் தெரிந்த பாட்டி வைத்தியம். எரிச்சலை உண்மையிலேயே அது போக்குகிறதோ இல்லையோ, அழுகிற குழந்தை இலையைத் தேடத் தொடங்கியதும் அழுகையை நிறுத்திவிடுகிறது. உயரமான புல்லில் நடந்துவிட்டு வந்தால், இரவில் மூவரும் கால், முழங்கால் மடிப்பு, இடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உண்ணி கடித்தால் லைம் நோய் வரலாம் என்பது செவிலியரான உங்களுக்குத் தெரிந்ததே.

சிப்பிங் கேம்டன் ஊரையும் ஒரு முறை சுற்றிப் பாருங்கள். ‘சிப்பிங்’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் சந்தை என்று பொருள். நம் ஊர்ப் பெயர்களில் வரும் பேட்டை மாதிரி. ஆட்டு ரோமத்தில் கொழித்த ஊர் அது. 1627-இல் கட்டிய சந்தை மண்டபம் இன்னும் தெருவின் நடுவே நிற்கிறது; உள்ளே போய் அதன் கல்தரை தேய்ந்து மேடுபள்ளமாகிக் கிடப்பதைப் பாருங்கள். பக்கத்திலுள்ள டோவர்ஸ் ஹில் மேட்டிலிருந்து ஈவ்ஷம் சமவெளி முழுவதும் தெரியும். மே மாதத்தில் இரவு ஒன்பது மணியளவு வரை வெளிச்சம் இருக்கும். சாப்பிட்டுவிட்டுக்கூட மெதுவாக ஏறலாம்.

நாயைப் பற்றி: வீட்டுக்குள் நுழைந்ததும் ஓடிவந்து மோப்பம் பிடிக்கும். அலறிக்கொண்டு ஓடினால் விளையாட்டென்று துரத்தும். கைகளைத் தொங்கவிட்டு, மரம்போல் அசையாமல் நிற்க மகளுக்கு வீட்டிலேயே பழக்கிவிடுங்கள். அப்போதும் பயந்தால் நாயை வேறு அறையில் விடும்படி தயங்காமல் கேளுங்கள்.

ஞாயிறு சாப்பாட்டுக்குப் பின் பாத்திரம் துடைக்க நிற்கலாம். படுக்கை விரிப்புகளை உருவித் தரட்டுமா என்று கேட்கலாம். தேநீர் முடிந்து நாலு மணிக்குள் கிளம்பிவிடுவது நல்லது. ‘இன்னும் கொஞ்ச நேரம் இருங்கள்’ என்றாலும் அவர்களுக்கும் ஓய்வு வேண்டும். ஊர் திரும்பிய இரண்டு மூன்று நாளில் கையால் எழுதிய நன்றி அட்டை ஒன்றைத் தபாலில் அனுப்புங்கள். செல்பேசிச் செய்தியை அன்றே மறந்துவிடுவார்கள். அட்டை அடுப்பு மாடத்தின் மேல் வாரக்கணக்கில் நிற்கும். அதில் மகளும் ஒரு வரி எழுதட்டும், நாயின் பெயரையும் சேர்த்து.