போன் சார்ஜ் ஆகிறது, போட்டோ மட்டும் லேப்டாப்புக்கு வரமாட்டேன் என்கிறது

கேள்வி: என் ஆண்ட்ராய்டு போனை விண்டோஸ் லேப்டாப்பில் இணைத்தால் சார்ஜ் ஏறுகிறது. ஆனால் போனைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. சில நாள் போட்டோக்கள் தெரியும். காப்பி செய்யும்போது பாதியில் நின்றுவிடும். ஃபேக்டரி ரீசெட் செய்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். நீங்கள் காப்பாற்ற நினைக்கும் போட்டோக்களைத்தான் ரீசெட் அழிக்கும். நீங்கள் சொல்வதில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. ஒன்று, போனுக்குள் இருப்பது தெரியாதது. இன்னொன்று, காப்பி பாதியில் நிற்பது.

முதலாவது எளிது. ஆண்ட்ராய்டு போனைக் கணினியில் செருகினால், பெரும்பாலும் சார்ஜ் மட்டும் ஏற்றிக்கொள்ளும், கோப்புகளைக் காட்டாது. உங்களைக் கேட்காமல் யாரும் போட்டோக்களை எடுத்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. போனின் பூட்டைத் திறந்து, திரையை மேலிருந்து கீழே இழுங்கள். யூஎஸ்பி வழியாகச் சார்ஜ் ஆகிறது என்று ஒரு அறிவிப்பு இருக்கும். அதைத் தொட்டு, ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கேபிளைக் கழற்றி மாட்டினால் மறுபடியும் சார்ஜுக்கே போய்விடும். ‘சில நாள் தெரிகிறது, சில நாள் தெரியவில்லை’ என்பதற்குக் காரணம் அநேகமாக இதுதான்.

அந்த அறிவிப்பே வரவில்லையா? கேபிளை மாற்றுங்கள். சாதாரண யூஎஸ்பி கேபிளுக்குள் மின்சாரத்துக்கு 2 கம்பிகள், தகவலுக்கு 2 கம்பிகள் இருக்கும். சார்ஜ் ஏற்ற மட்டுமே செய்யப்பட்ட மலிவான கேபிள்களில் தகவல் கம்பிகளே இருக்காது. வெளியே பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. அதனால் சார்ஜ் ஏறுகிறதே, கேபிள் நன்றாகத்தானே இருக்கிறது என்று முடிவுகட்டாதீர்கள்.

அடுத்தது, பாதியில் நிற்பது. இங்கேதான் பொறுமையாகக் கவனிக்க வேண்டும். அதே போட்டோக்களை இரண்டு முறை காப்பி செய்து பாருங்கள். இரண்டு முறையும் ஒரே கோப்பில் நிற்கிறதா, அல்லது வேறு வேறு இடத்தில் நிற்கிறதா? திரையில் வரும் பிழைச் செய்தியைவிட இந்த விடைதான் அதிகம் சொல்லும்.

வேறு வேறு இடத்தில் நின்றால் பழுது இணைப்பில். நிற்கிற அந்த நொடியில், கருவி கழன்றதற்கான ஓசையை லேப்டாப் எழுப்புகிறதா என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். எழுப்பினால் கேபிளோ போனின் துளையோ ஆடுகிறது. பையில் வைத்த போனின் துளைக்குள் பஞ்சும் தூசியும் அடைந்து, கேபிள் முழுதாக உள்ளே போகாமல் இருக்கும். போனை அணைத்துவிட்டு, மரக்குச்சியால் மெதுவாக எடுங்கள், ஊசி வேண்டாம். ஒரு துளையைப் பலவாக்கும் யூஎஸ்பி ஹப் வழியாக இணைத்திருந்தால் நேராக லேப்டாப்பிலேயே செருகுங்கள்.

ஓசை வராமல் அப்படியே உறைந்து நிற்கிறதா? அது பாரம் அதிகமானதால். லேப்டாப் உங்கள் போனைப் பென்டிரைவ் மாதிரி நேரடியாகப் படிப்பதில்லை. எம்டிபி என்ற முறையில், ‘அந்தக் கோப்பைக் கொடு’ என்று போனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குகிறது. ஆயிரக்கணக்கான போட்டோக்கள் உள்ள போல்டரைத் திறந்தால், குட்டிப் படங்களைக் காட்டுவதற்கே போன் திணறிப்போகும். லேப்டாப்பில் படங்களாக அல்லாமல் பெயர்ப் பட்டியலாகக் காட்டும்படி மாற்றிவிட்டு, நூறு இருநூறாகப் பிரித்துக் காப்பி செய்யுங்கள். அதுவரை போனில் கேமராவைத் தொடாதீர்கள்.

ஒரே கோப்பில் நின்றால் அந்தக் கோப்பில்தான் கோளாறு. பெயரில் கேள்விக்குறியோ முக்காற்புள்ளியோ இருந்தால் விண்டோஸ் ஏற்காது, பெயரை மாற்றுங்கள். ஃபேட்32 முறையில் அமைத்த பென்டிரைவுக்குக் காப்பி செய்கிறீர்கள் என்றால், 4 ஜிபியைத் தாண்டிய வீடியோ அதில் ஏறவே ஏறாது. முதலில் லேப்டாப்பிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

ஐபோன்காரர்களுக்கும் இது வரும். விண்டோஸுக்குக் காப்பி செய்யும்போது, இணைத்த கருவி இயங்கவில்லை என்ற பொருளில் செய்தி வந்து நின்றுவிடும். போனில் போட்டோஸ் செட்டிங்ஸின் கடைசியில், மேக் அல்லது பிசிக்கு மாற்றுவதற்கான பகுதியில் ‘கீப் ஒரிஜினல்ஸ்’ என்று வையுங்கள். ஐபோன் எடுக்கும் ஹெச்இஐசி வகைப் படங்களைப் போகிற போக்கில் வழக்கமான ஜேபெக் வகையாக மாற்றித் தர முயல்வதுதான் அங்கே பெரும்பாலும் இடறுகிறது.

அப்புறம், போனில் பார்க்க முடிகிற எல்லாமே போனில் இருப்பதாக நினைக்காதீர்கள். இடம் காலிசெய்வதற்காக அசல் படங்களை கூகுள் போட்டோஸ் நீக்கியிருந்தால், அந்தச் செயலியில் தெரிவது இணையத்திலிருந்து வருவது. அது கேபிள் வழியாக வராது; கூகுள் போட்டோஸ் தளத்திலிருந்துதான் இறக்க வேண்டும்.

இதற்கெல்லாம், போனில் இருப்பதைத் தானாகவே லேப்டாப்பிலும் வைக்கும் ஒரு ஒத்திசைவு (சிங்க்) மென்பொருளைப் போடலாமே என்று தோன்றும். போடுங்கள், ஆனால் போனிலிருந்து லேப்டாப்புக்கு என்ற ஒருவழி முறையில் மட்டும். இருவழி ஒத்திசைவில் போனில் ஒரு படத்தை அழித்தால் லேப்டாப்பிலும் அழிந்துவிடும். சேமிப்பு என்று நம்பி இப்படி இழந்தவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மனம் கஷ்டப்படும்.

எப்படி எடுத்தாலும் ‘கட்’ செய்யாமல் ‘காப்பி’ மட்டும் செய்யுங்கள். முடிந்ததும் கேபிளைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பிலேயே நாலைந்து படங்களையும் நீளமான ஒரு வீடியோவையும் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். எண்ணிக்கையும் சரியாக இருந்தால் மட்டுமே போனிலிருந்து நீக்குங்கள்.