மண்பானை வடிகட்டியும் முருங்கை விதையும்: வாசகர் கேள்விகள்

மாரி வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் கிணறு கலங்கிவிட்டது. வெள்ளி பூசிய மண்பானை வடிகட்டியில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்குகிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவியும் சரிவரவில்லை. பானை பழுதா?
– வாசகி, மாங்குளம்

பானை பழுதில்லை. துளைகளைச் சேறு அடைத்திருக்கிறது, சவர்க்காரம் இன்னும் அடைத்திருக்கும். களிமண்ணோடு உமித்தூள் குழைத்துச் சுடும்போது உமி எரிந்து போகும். அது இருந்த இடம்தான் துளை. பற்றீரியாவைப் பிடிக்கும் அளவுக்குச் சிறிய துளை சேற்றுக்கு எப்படித் தாங்கும்? மெல்லிய தூரிகையால் உட்புறத்தை மட்டும், வடித்த தண்ணீர் விட்டுத் தேயுங்கள். சவர்க்காரம் கீழ் வாளிக்கு மட்டுந்தான். தண்ணீர் நிறைந்த பானையை விளிம்பில் பிடித்துத் தூக்க வேண்டாம், வெடித்துவிடும். நல்ல பானையில் மணிக்கு ஒன்று முதல் மூன்று லீற்றர் இறங்கும். திடீரென்று வேகமாக ஓடினால் மகிழாதீர்கள்: வெடிப்பு விழுந்திருக்கிறது, மாற்றுங்கள்.

ஊற்றுமுன் கலங்கலைத் தெளியவையுங்கள். 20 லீற்றர் வாளிக்கு, நன்றாகக் காய்ந்த முருங்கை விதை பத்து. தோலை நீக்கி இடித்து அரித்து, ஒரு கோப்பைத் தண்ணீரில் கரைத்துத் துணியில் வடித்துச் சேருங்கள். ஒரு நிமிடம் வேகமாகவும், பிறகு பத்து நிமிடம் மெதுவாகவும் துழாவி, இரண்டு மணித்தியாலம் அசையாமல் விடுங்கள். விதையிலுள்ள புரதம் நேர்மின்னேற்றம் கொண்டது, சேற்றுத்துகள் எதிர்மின்னேற்றம் கொண்டது. ஒட்டித் திரண்டு அடியில் படியும். மேல்தண்ணீரை மட்டும் பானையில் ஊற்றுங்கள்.

குளோரின் போடுவதானால் வடித்த பிறகே போடுங்கள். முதலிலேயே போட்டால் பானையின் வெள்ளிப்பூச்சு அரிபடும். ஆனால் போடத்தான் வேண்டும், அல்லது கொதிக்கவைக்க வேண்டும். செங்கமாரியைக் கொண்டுவரும் ஏ வகை வைரசு அந்தத் துளைகளைவிடப் பலமடங்கு சிறியது. பானையை மட்டும் நம்பிப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

முருங்கை விதையைக் கூட்டிப் போட்டேன், மறுபடியும் கலங்கியது. அடுத்த நாள் மணக்கிறது. ஏன்?
– வாசகர், முள்ளியவளை

அளவு கூடினால் துகள்கள் எல்லாமே நேர்மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று தள்ளும், படியாது. மணத்துக்குக் காரணம் விதையின் எஞ்சிய சத்து; பற்றீரியா அதைத் தின்று பெருகும். அன்றன்றைக்குத் தெளியவைத்து 24 மணித்தியாலத்துக்குள் முடியுங்கள். எவ்வளவு விதை போதும் என்பதை ஒவ்வொரு லீற்றர் கொள்ளும் நாலு போத்தலில் கால், அரை, ஒன்று, இரண்டு விதை போட்டுப் பாருங்கள். தெளிவாக இருப்பதில் மிகக் குறைந்த அளவுதான் உங்கள் கிணற்றுக்கு உரியது.

பிள்ளையின் பல்லில் பழுப்புக் கறை. கிணற்றில் புளோரைட்டு என்கிறார்கள். மண்பானை போதுமா?
– வாசகி, செட்டிகுளம்

போதாது. புளோரைட்டு கரைந்திருப்பது, துளையில் நிற்காது. கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகி அதன் செறிவு கூடும். முதலில் தண்ணீரைப் பரிசோதியுங்கள்: இலங்கைத் தரத்தில் எல்லை லீற்றருக்கு 1 மில்லிகிராம். புதிதாகச் சுட்ட செங்கல் துண்டுகள் நிரப்பிய உருளையில் தண்ணீரைக் கீழிருந்து மேலாக மெல்ல ஏற்றினால் புளோரைட்டு குறையும். ஆனால் செங்கல் புளோரைட்டால் நிறைந்தபின் மேலும் பிடிக்காது, தண்ணீரின் நிறமும் சுவையும் உங்களுக்குச் சொல்லித்தராது. மாதம் ஒருமுறை வடித்த தண்ணீரைச் சோதித்து, எல்லையைத் தொடுமுன் துண்டுகளை மாற்றுங்கள். உருளை தயாராகும்வரை பிள்ளைக்கு மாரியில் சேமித்த மழைநீர் நல்லது, கொதிக்கவைத்துக் கொடுங்கள்.