கமெர்ல டைப் பண்ணச் சொல்லிக்குடு – கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

நான் பாலிடெக்னிக் ரெண்டாம் வருஷம். டிசம்பர்ல எங்க குரூப் கம்போடியாவுக்குத் தொண்டூழியம் போகுது. சியாம் ரீப் பக்கம் ஒரு கிராமம், ரெண்டு வாரம். அங்க துணி நெய்யுற பெண்களுக்கு வெப்சைட் செய்யச் சொல்லிக்குடுக்கிறது என் பொறுப்பு. எச்டிஎம்எல் கோடு எழுதுறதுலேர்ந்து ஆரம்பிக்கவா, கோடு எழுதாமலே வெப்சைட் செய்யுற வேர்ட்பிரஸ் போதுமா? ஸ்லைடு எல்லாம் இங்கிலீஷ்ல ரெடி, மொழிபெயர்க்க ஒருத்தர் கூட இருப்பார். அம்மாதான் "இங்க இல்லாத கஷ்டமா, அங்க போய்த்தான் செய்யணுமா"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க.

– ஒரு வாசகர், உட்லண்ட்ஸ்

அன்புத் தம்பி,

நீ போறேங்கிறதே எனக்கு சந்தோஷம்ப்பா. அம்மா கேக்குறதுல தப்பில்ல, திரும்பி வந்ததும் இங்கயும் செய், முடிஞ்சுது. எச்டிஎம்எல்லா வேர்ட்பிரஸ்ஸாங்கிறத அப்புறம் பாப்போம். "ஸ்லைடு எல்லாம் இங்கிலீஷ்ல ரெடி"ன்னு போறபோக்குல ஒரு வரி எழுதியிருக்க பாரு, அங்கதான் எனக்கு சுருக்குன்னுச்சு. ஏன்னா கொஞ்ச நாளா இதேதான் மனசுல ஓடிக்கிட்டு இருக்கு. எங்க அக்கா பசங்க எனக்கு வாட்ஸாப்ல தமிழ்ல பேசி வாய்ஸ் அனுப்புவாங்க, சரி ஒரு வரி தமிழ்ல டைப் பண்ணி அனுப்புடான்னா "வராது சின்னம்மா"ங்கிறாங்க, பள்ளிக்கூடத்துல பத்து வருஷம் தமிழ் படிச்ச பசங்க!

நீ போற ஊர்ல இது இன்னும் பெருசு. 2018-ல பேஸ்புக் மெசஞ்சர்ல உலகம் முழுக்கப் போன வாய்ஸ்ல கிட்டத்தட்ட பாதி கம்போடியாவுலேர்ந்து போச்சாம். அவங்க மொழியான கமெர்ல டைப் பண்றது அவ்வளவு சிரமம்ங்கிறது அதுக்கு ஒரு முக்கிய காரணம். 33 மெய்யெழுத்து, கிட்டத்தட்ட ஒவ்வொண்ணுக்கும் கீழ தொங்குற இன்னொரு வடிவம், உயிர்க்குறி வேற மேலயும் கீழயும் ரெண்டு பக்கமும் வரும். நம்ம காஞ்சிபுரத்துப் பல்லவ எழுத்துலேர்ந்து கிளைச்சு வளர்ந்த எழுத்துதான் அது, அதனால உனக்கு அது முழுசா அந்நியமும் இல்ல.

இன்னொண்ணு கேளு. கமெர்ல வார்த்தைக்கு வார்த்தை இடம் விட மாட்டாங்க, ஒட்டியே எழுதுவாங்க. ஆனா வார்த்தை எங்க முடியுதுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியணும்ல? அதனால விண்டோஸ்ல இருக்கிற கமெர் நீடா கீபோர்டுல ஸ்பேஸ் பார் தட்டினா கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி விழும், கண்ணுக்குத் தெரியுற இடம் வேணும்னா ஷிஃப்ட்டையும் சேத்து அமுக்கணும். இது தெரியாம நீ பாட்டுக்கு வெப்சைட் செஞ்சு குடுத்தா போன்ல வரி எங்கயாவது ஏடாகூடமா உடைஞ்சு நிக்கும், அந்தப் பெண்கள் தங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் வரலன்னு நினைச்சுக்குவாங்க. இந்த மாதிரி ஒரு விஷயமாவது உன் ஸ்லைடுல இருக்கா? இருக்காது.

நமக்கும் இதெல்லாம் சும்மா வந்துடல தம்பி. 1995-ல சிங்கப்பூர்க் கவிதைகள நாலு மொழியிலயும் இணையத்துல ஏத்தினப்போ அதுல தமிழும் இருந்துச்சுன்னா அதுக்கு நம்ம ஊர் எழுத்தாளர், தமிழ இணையத்துக்குக் கொண்டுவந்த முன்னோடி நா. கோவிந்தசாமி மாதிரி ஒருத்தர் ராப்பகலா உழைச்சதுதான் காரணம். கம்ப்யூட்டர்லயும் இணையத்துலயும் தமிழ் எப்படி இருக்கணும்னு பேசின தமிழ்நெட் 97 மாநாடு இங்கதான் நடந்துச்சு, அவர் 1999-லயே காலமாயிட்டார். உன் வயசுப் பிள்ளைங்ககிட்ட அவர் பேரச் சொன்னா யாருன்னு கேக்குறீங்க, எனக்கு வயிறு எரியுது. அப்ப ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு எழுத்துரு, அத இறக்கலன்னா திரை முழுக்கக் கிறுக்கல்தான்.

எங்கப்பா கப்பல் பட்டறையில வெல்டிங் வேலை பாத்தவர். கம்ப்யூட்டர்னாலே "அது படிச்சவங்க சாமான்"னு ஒதுங்கிப் போவார். ஒருநாள் தமிழ் எழுத்துருவப் போட்டு, நாற்காலிய இழுத்து உக்கார வச்சேன். ஒத்த விரலால தேடித் தேடித் தட்டினார், எங்க பாட்டி பேரு, தெருப் பேரு, அஞ்சல், வட்டம், பின்கோடு வரைக்கும், ஏரோகிராம் மேல எழுதுவார்ல அதே வரிசையில. அடிச்சு முடிச்சுட்டு "இத பிரிண்ட் எடுக்கலாமா"ன்னு கேட்டார். அன்னைக்கு சாயங்காலமே அடுத்த கடுதாசிய இதுலயே எழுதுறேன்னுட்டார். இங்கிலீஷ்ல நான் அவருக்கு எத்தன பட்டன் சொல்லிக்குடுத்திருந்தாலும் அது நடந்திருக்குமா சொல்லு.

அதனால முதல் வாரம் முழுக்க டைப்பிங்தான். அவங்க பேரு, ஊரு, நெய்யுற கிரமாவோட (அந்த ஊர்க் கட்டம்போட்ட துண்டு) நீளம், விலை, போன் நம்பர், இத கமெர்ல அவங்களே அடிக்கட்டும். நீ கிட்ட உக்காந்து பாரு, மவுஸப் புடுங்காத. அதுக்கப்புறம் வேர்ட்பிரஸ்ஸே போதும், அவங்ககிட்ட ஏற்கெனவே பேஸ்புக் பக்கம் இருந்தா அதுவே போதும். டொமைன, அதான் வெப்சைட்டோட முகவரிய, உங்க குரூப் பேர்ல மட்டும் வாங்கிடாத, வருஷா வருஷம் காசு கட்டணும், நீங்க படிச்சு முடிச்சுப் போனப்புறம் யாரு கட்டுவா? அவங்க பேர்ல, அவங்க ஈமெயில்ல, பாஸ்வேர்டு அவங்க கையில.

மொழிபெயர்க்க வர்றவரோட நம்பர இந்த வாரமே வாங்கு. ஸ்லைட அவருக்கு அனுப்பி, உக்காந்து ஒவ்வொண்ணா கமெர்ல மாத்துங்க, டிசம்பர் வரைக்கும் தள்ளாத.