லயத்தில் தனியாக இருக்கும் அம்மாவைக் கண்காணிக்கக் கேமரா வைக்கலாமா?

அம்மா மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) தனியாக இருக்கிறார், நாங்கள் கொழும்பில் வேலை செய்கிறோம், கேமரா பூட்டலாமா, கையில் கட்டும் கருவி போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேமராவைக் கடைசியாக யோசியுங்கள். ஒரே காம்பராவுக்குள் (அறைக்குள்) படுப்பதும் உடுப்பு மாற்றுவதும் நடக்கும்போது, எந்த மூலையில் வைத்தாலும் எல்லாம் அதில் விழும். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) வைத்தால் பக்கத்துக் காம்பராக்காரர் போவது வருவதும் பதிவாகும். அவர்களையும் கேட்க வேண்டும். "சரி தம்பி, வை" என்று மகன் மனம் நோகாமல் அம்மா சொல்வது சம்மதம் ஆகாது. யார் பார்ப்பார்கள், படம் எத்தனை நாள் இருக்கும், வேண்டாமென்றால் எப்படி நிறுத்துவது என்று சொல்லுங்கள். நிறுத்துவதை அவர் கையாலேயே செய்து பார்க்கட்டும். ஒரு மாதம் கழித்துத் திரும்பக் கேளுங்கள்.

முதலில் வாங்க வேண்டியது கழுத்தில் தொங்கும் அவசர பட்டன். அழுத்துவதா வேண்டாமா என்பது அவர் முடிவாக இருக்கும். விழுந்ததைத் தானாகக் கண்டுபிடிக்கும் கைக்கடிகாரம் திடீர் அதிர்வை வைத்தே கணிக்கிறது. சுவரைப் பிடித்தபடி மெல்லச் சரிந்தால் அதற்குப் பெரும்பாலும் தெரியாது. இரவில் சார்ஜில் போட்டுவிட்டால், வெளிக் கக்கூசுக்கு இருட்டில் நடக்கும் நேரத்தில் கையில் இருக்காது. காலைத் தேத்தண்ணி நேரத்தில் சார்ஜ் போடப் பழக்குங்கள். எதை வாங்கினாலும் கட்டில், கக்கூஸ், தண்ணீர் பிடிக்கும் பீலி மூன்று இடத்திலும் அழுத்திப் பாருங்கள். தகரக் கூரைக்கும் மலைச் சரிவுக்கும் நடுவில் சிக்னல் இடத்துக்கு இடம் மாறும். எந்த சிம் எடுக்கிறது என்பது அங்கே நின்று பார்த்தால்தான் தெரியும்.

பலர் கோட்டை விடுவது, பட்டனை அழுத்தினால் வரும் அழைப்பை யார் எடுப்பது என்பதில். கொழும்பிலிருந்து போய்ச் சேர நாலைந்து மணி நேரம் ஆகும். அதனால் முதல் இலக்கம் பக்கத்தில் இருப்பவருடையதாக இருக்கட்டும், ஆனால் அவரைக் கேட்காமல் போடாதீர்கள். பகலில் அவர் கொழுந்து பறிக்கும் மலையில் இருப்பார் என்றால், வேலையிலிருந்து நின்று வீட்டோடு இருக்கும் இன்னொருவர் வேண்டும். இரவில் எழுப்பப்படுபவருக்குப் போன் ரீலோடாவது போட்டுக் கொடுங்கள், அது நியாயம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்பியுலன்ஸ் இலவசம்தான். தோட்டம், டிவிஷன், லய இலக்கம், வாகனம் எதுவரை வரும் என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கதவில் ஒட்டுங்கள்.

பிரஷர் பார்க்கும் மெஷினும் வாங்குவதானால், மேற்கையில் கட்டுவதாக வாங்குங்கள். குளிருக்குப் போட்ட ஸ்வெட்டருக்கு மேல் கட்டினால் அளவு பிழையாகும். தேத்தண்ணி குடித்து அரை மணி நேரம் விட்டு, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை எடுக்க வேண்டும். விரலில் மாட்டும் ஒக்சிஜன் மீட்டர் குளிர்ந்த விரலில் குறைத்துக் காட்டக்கூடும். கையைச் சூடாக்கி மறுபடி பாருங்கள். அப்போதும் 92%க்குக் கீழே நின்றால் காத்திருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

வீடியோவில் வைத்தியரிடம் பேசும்போது பேரனை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். சிறுநீர்த் தொல்லையை அவன் முன்னால் அம்மா வாய் திறந்து சொல்லமாட்டார். தமிழ் தெரிந்த வைத்தியரைக் கேட்டு வாங்கி, முதல் சில நிமிடம் அம்மாவைத் தனியே பேச விடுங்கள். கிளினிக் கொப்பியின் படம் வைத்தியருக்கு மட்டும் போகட்டும், குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வேண்டாம்.