பத்தொன்பதாம் அத்தியாயம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

குழந்தைகள் தூங்கியபின் இரவு பத்து மணிக்குமேல் உட்கார்ந்து சிறுவர்களுக்கான மாயாஜால நாவல் ஒன்றை எழுதிவருகிறேன். பத்தொன்பதாம் அத்தியாயத்தோடு நிற்கிறது. ஹாரி பாட்டர் நாவல்களை எழுதிய ஜே.கே. ரோலிங் ஹீட்டர்கூட இல்லாத வீட்டின் குளிர் தாங்காமல் காபிக்கடையில் எழுதினார், 12 பதிப்பாளர்கள் அவரைத் திருப்பியனுப்பினார்கள் என்று படித்தேன். எத்தனை பேர் மறுத்தால் நான் முயற்சியைக் கைவிடலாம்? அவருடைய இன்றைய அரசியல் கருத்துகளுக்குப் பிறகும் அவரை முன்மாதிரியாகக் கொள்ளலாமா?

க.

அன்புள்ள க.,

இரண்டாவது கேள்வி வேறொரு நாளுக்கு. முதல் கேள்வியைப் படித்ததும் கோபம்தான் வந்தது. எழுதி முடிக்காத நாவலை யார் நிராகரிக்க முடியும்? பாதியில் நின்றுகொண்டு பதிப்பாளர்களை எண்ணுகிறீர்கள்.

அந்த ஹீட்டர் கதையை ரோலிங்கே மறுத்திருக்கிறார். எடின்பரோ குளிரில் அப்படியொரு வீட்டை வாடகைக்குப் பிடிக்கும் அளவுக்குத் தான் முட்டாள் அல்ல என்றார். தள்ளுவண்டியில் கொண்டுபோனால் குழந்தை தூங்கிவிடும். தூங்கியதும் பக்கத்துக் காபிக்கடையில் நுழைந்து எழுதுவார். அரசு உதவித்தொகையில் வாழ்ந்த தனித்தாய் என்பது உண்மை. உங்கள் இரவு பத்து மணியும் அதே வகை உழைப்புதான், அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் வறுமை யாருக்கும் நாவல் எழுதிக்கொடுத்ததில்லை.

1990-ல் மான்செஸ்டரிலிருந்து லண்டனுக்கு வந்த, தாமதமான ரயிலில் கதை தோன்றியது. கைப்பிரதி முடிந்தது 1995-ல். நடுவில் அம்மாவின் மரணம், போர்ச்சுகலின் போர்ட்டோவில் ஆசிரியை வேலை, திருமணம், மணமுறிவு. அந்த ஐந்து ஆண்டுகளில் அவர் முதல் நூலை மட்டும் எழுதவில்லை, ஏழு நூல்களையும் திட்டமிட்டார். 1997 ஜூனில் ப்ளூம்ஸ்பரி பதிப்பகம் முதலில் அச்சிட்டது 500 கெட்டி அட்டைப் பிரதிகள். மற்றதெல்லாம் ஊருக்கே தெரியும்.

நீங்கள் பார்க்கவேண்டியது ஐந்தாம் நாவலுக்கு அவர் கையால் கோடு போட்டு எழுதிய அட்டவணையை. அதில் ஒரு தாள் வெளியாகியிருக்கிறது. ஒரு அத்தியாயத்துக்கு ஒரு வரிசை. முதலில் எண், நிகழும் மாதம், தலைப்பு, மையக்கதை. அதற்கப்பால் ஒவ்வொரு கிளைச்சரடுக்கும் தனித்தனிக் கட்டம்: தீர்க்கதரிசனம், காதல், மாணவர்களின் ரகசியப் படை, பெரியவர்களின் சங்கம், ஆசிரியர் ஸ்னேப், பள்ளியின் வனக்காவலர் ஹாக்ரிட்.

இதைக் குறுக்கே வாசித்தால் ஒரு அத்தியாயத்தில் எத்தனை சரடுகள் ஓடுகின்றன என்று தெரியும். மேலிருந்து கீழே வாசித்தால் எந்தச் சரடு காணாமல் போனது என்று தெரியும். மேடைக்குப் பின்னால் நடப்பவற்றுக்கும் அதில் இடமுண்டு, முக்கியமானது அதுதான். இருபதாம் அத்தியாயத்தில் ஹாக்ரிட் முகமெல்லாம் காயத்தோடு திரும்பிவருகிறார். பிறகும் புதுக்காயங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. காரணம் காட்டில் ஒளித்துவைத்திருக்கும் ராட்சதத் தம்பி என்பது முப்பதாம் அத்தியாயத்தில்தான் நமக்குத் தெரிகிறது. அந்தப் பத்து அத்தியாயங்களிலும் தம்பி அடித்துக்கொண்டே இருக்கிறான். எழுதுபவர் அதை மறந்தால் காயம் ஆறிவிடும், ரகசியம் செத்துவிடும்.

திட்டமிட்டால் தவறே வராதா? நன்றாக வரும். நான்காம் நாவலைப் பாதி எழுதியபின்தான் நடுவே பெரிய ஓட்டை இருப்பதைக் கண்டார். ஹாரியின் பகைவன் மால்ஃபாய் கூட்டத்துப் பிள்ளைகள் பேசுவதை ஒட்டுக்கேட்டுச் செய்தி கொண்டுவர, ஹாரியின் நண்பன் ரானுடைய வீஸ்லி குடும்பத்து உறவுக்காரச் சிறுமி ஒருத்தியைப் படைத்திருந்தார். பதினொரு வயதுப் பெண் பள்ளிக்குள் அடைபட்டுக்கொண்டு எவ்வளவு செய்திதான் கொண்டுவர முடியும்? அவளைத் தூக்கிவிட்டு, எங்கும் நுழையக்கூடிய பத்திரிகைக்காரி ரீட்டா ஸ்கீட்டரிடம் அந்த வேலையைக் கொடுத்தார். ஒன்பதாம் அத்தியாயத்தை 13 முறை திருத்தி எழுதினார். கெடு இரண்டு மாதம் தவறியது. இவ்வளவுக்கும் பிறகு, வில்லனின் மந்திரக்கோலிலிருந்து, அது கொன்றவர்கள் தலைகீழ் வரிசையில் வெளிவரும் காட்சியில் ஹாரியின் பெற்றோர் முன்பின்னாக அச்சாகிவிட்டார்கள். கடைசியாகக் கொல்லப்பட்டவர் முதலில் வரவேண்டும், அதாவது அம்மா. அடுத்த அச்சுகளில் திருத்தினார்கள்.

பத்தொன்பதில் நிற்கிறது என்றால் பழுது அங்கே இருக்காது, ஆறிலோ ஏழிலோ இருக்கும். பெரும்பாலும் ஏதோ ஒரு பாத்திரம் தன்னால் முடியாத வேலையைச் சுமந்துகொண்டிருக்கும். 'இன்று மூட் இல்லை' என்று சொல்லிக்கொண்டு அதைக் கண்டுபிடிக்க முடியாது.

இன்றிரவு புதிதாக ஒரு வரிகூட எழுதாதீர்கள். பெரிய தாளில் பத்தொன்பது வரிசை போடுங்கள். கட்டங்களை நிரப்பும்போது, அந்த அத்தியாயத்தில் வராத பாத்திரம் அந்நேரம் எங்கே என்ன செய்கிறது என்பதையும் எழுதுங்கள். வில்லனுக்குக் கண்டிப்பாக மேலிருந்து கீழாக ஒரு தனிப் பத்தி வேண்டும். புதிதாக எழுதுபவர்கள் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஒரே சரடில் தொடர்ந்து நாலைந்து கட்டம் காலியாக இருந்தால் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். கட்டங்களுக்குள் பேனா வேண்டாம், பென்சிலால் எழுதுங்கள், நிறைய அழிக்கவேண்டியிருக்கும். தாள் போதாவிட்டால் பின்னால் இன்னொன்றை ஒட்டிக்கொள்ளலாம்.