சாயமும் சூடும்: இரண்டு அரபு வேர்கள்

கேள்வி: ‘ஸப்பாஃக்’ என்ற அரபுக் குடும்பப் பெயருக்கும் சாயத் தொழிலுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு, அதன் பொருளே சாயமிடுபவர் என்பதுதான். ஸாத், பா, ஃகைன் என்னும் மூன்று மெய்களால் ஆன இவ்வேர், துணியைச் சாயத்தில் தோய்ப்பதை மட்டுமன்றி, ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் உணவையும் குறிக்கும். குர்ஆனின் 23:20 வசனம், ஒலிவ மரம் எனக் கொள்ளப்படும் ஒரு மரம் எண்ணெயையும் உண்பவர்களுக்கான ‘ஸிப்ஃக்’கையும் தருகிறது என்கிறது. 2:138-இலோ ‘ஸிப்ஃகத்துல்லாஹ்’, அதாவது இறைவனின் வண்ணம், என வருகிறது. நிறம் மேலே பூசப்படுவதன்று, தோய்ந்து உள்ளே இறங்குவது என்ற எண்ணத்தை ஒரே வேர் இவ்வளவு அழகாகத் தாங்கி நிற்பது என்னை எப்போதும் வியக்க வைக்கிறது.

சாயமிடுதலைப் போலவே தோன்றினாலும், சூடு போன்றவற்றால் அடையாளமிடுதலுக்குரிய வேர் வேறு: வாவ், ஸீன், மீம். பாலைவனக் குலத்தார் தம் ஒட்டகங்களுக்கு இடும் சூட்டுக்குறி ‘வஸ்ம்’. வறண்ட நிலத்தில் பசுமையால் குறியிடும் முதல் மழை ‘வஸ்மீ’. குறிக்கப்பட்ட காலம் ‘மவ்ஸிம்’. இந்த மவ்ஸிம்தான் போர்ச்சுக்கீசியர் வழியாக ஆங்கிலத்துக்குச் சென்று ‘மான்சூன்’ ஆனது. ஸீன் இருக்கும் இடத்தில் ஷீன் வந்தால் ‘வஷ்ம்’, பச்சை குத்துதல்.